இங்க அமுக்கிப் பாருங்க

போன தீபாவளி பலகாரத்துக்குப் பிறகு ஓட ஆரம்பித்தவர், தைப்பூசத்துக்குள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். ஆளைத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு தாமானிலும் ஒருவர் இருக்கிறார். எங்கள் தாமானில் இருப்பவரை அண்ணன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பெயரைப் போட்டால் வீடு தேடி வந்துவிடுவார். வந்தால் காலைக் காட்டுவார்.

காட்டுவது என்றால் சும்மா காட்டுவது இல்லை. நாசி கண்டார் கடையில் நீங்கள் மீன் தலையில் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து, பக்கத்து நாற்காலியில் காலைத் தூக்கி வைப்பார். சிலுவாரை முட்டி வரைக்கும் சுருட்டுவார். எலும்பின் உள்பக்க ஓரத்தில், முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே, கட்டைவிரலால் ஒரு கோடு இழுப்பார். "இங்க அமுக்கிப் பாருங்க." வலக்கையில் குழம்பு இருக்கிறது என்று தப்பிக்க முடியாது, இடக்கை சும்மாத்தானே இருக்கிறது. அமுக்கியதும் "ஆ" என்று கத்திவிட்டு உங்களையே கேட்பார்: "தெரியுதுல்ல?" என்ன தெரியும்? முடி தெரியும், கோடாலித் தைல வாடை தெரியும். ஆனால் "ஆமாண்ணே, லேசா வீங்கின மாதிரிதான் இருக்கு" என்று சொல்லாமல் மீன் தலைக்குத் திரும்ப முடியாது.

கல்யாண மண்டபத்துக்கு வேட்டியில் வந்ததால் சுருட்டுகிற வேலைகூட இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா அமுக்கினார். மேளக்காரர் இடைவேளையில் அமுக்கினார். தைப்பூசத்தன்று, முதுகு நிறையக் கொக்கியோடு காவடிக்குக் காத்து நின்ற பையனிடமே "தம்பி, இங்க அமுக்கிப் பாரு" என்றாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் அப்படியே நம்புகிறேன்.

அமுக்கியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கோடாலித் தைலம், யோக்கோ யோக்கோ, சூடாக்கிய நல்லெண்ணெய், ஐஸ் கட்டி, ரத்தம் கட்டுகிற அளவுக்கு இறுக்கமான காலுறை. அண்ணன் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் கிளினிக் டாக்டரும், காசு வாங்கிக்கொண்டு, அமுக்கிப் பார்த்தார். "ரெண்டு மூணு வாரம் ஓடாதீங்க. சைக்கிள் மிதிங்க, நீந்துங்க. வலி போனதும் கொஞ்சங்கொஞ்சமா கூட்டுங்க" என்றார். இந்த ஒரு மருந்துதான் அண்ணனுக்கு ஒத்துவரவில்லை. "டாக்டருக்கு ஒண்ணும் தெரியல. அவரு ஓடுறவரு இல்ல" என்றார் வெளியே வந்து. ஓடுகிற டாக்டர்தான் வேண்டுமென்றால் நம் ஜெகதீசன் இருந்தார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவர், டாக்டரும்கூட. அந்த மாதிரி ஒருவர் அலோர் ஸ்டாரில் கடை திறந்து அண்ணன் காலுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

இருபது வருஷம் ஆபீஸ் நாற்காலியில் ஊறிய கால். அதை முதல் வாரமே தார் ரோட்டில், மகனின் பழைய பள்ளிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் என்ன ஆகும்? ஓடும்போது எலும்பு துளி வளைந்து கொடுக்கிறது. அந்த அடியை உடம்பு ஓய்வில்தான் சரிசெய்து எலும்பைக் கெட்டியாக்கும். சரிசெய்யும் முன்னே அடுத்த அடி விழுந்துகொண்டே இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? இவ்வளவுதான் விஷயம். அண்ணனோ ரோட்டைக் குறை சொல்வார், மேடும் பள்ளமுமாம். வயல் நடுவே குனுங் கெரியாங் ஒன்றைத் தவிர மேடென்று சொல்ல எதுவுமே இல்லாத ஊர் இது! அதன் அடிவாரத்துக்குக்கூட அவர் போனதில்லை. வான் மாட் சமான் கால்வாய் இங்கிருந்து குருன் வரை 35 கிலோமீட்டருக்கு மேல் நேராகப் போகிறது. அதில் அண்ணன் பார்த்தது முதல் மூன்றுதான்.

இருந்தாலும் விடிகாலையில் அந்தக் கால்வாய்க் கரையில், கண்ணைப் பறிக்கும் பச்சைச் சட்டையில் விந்தி விந்தி வருகிறவரைப் பார்த்தால் திட்ட மனம் வருவதில்லை. தே தாரேயை விட்டு தே ஓ கோசோங்குக்கு மாறிவிட்டார். இனிப்புநீர் இறங்கியிருக்கிறது. நாங்கள் குறட்டை விடும் நேரத்தில் அவராவது எழுந்திருக்கிறார்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் சிரித்து விட முடியவில்லை. எங்கள் தாமானில் படிவம் மூன்று படிக்கிற பையன் ஒருவன் அவர் பின்னால் ஓட ஆரம்பித்தான். அவனுக்கும் கால் வலி. "வலியோட ஓடுடா, பழகிடும்" என்று வாரக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். அண்ணன் வலி எலும்பு நெடுக ஒரு சாண் பரவியது. ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் அடங்குவது. பையன் வலி ஒரே புள்ளியில், ராத்திரி படுத்தாலும் போகாதது. எலும்பில் கீறல் விட்டிருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம், தைலம் தேய்த்துச் சரிபண்ணுகிற சமாசாரமே இல்லை. "உங்க காலு, உங்க இஷ்டம். ஊரான் பிள்ளைக்கு ஏன் வைத்தியம் சொல்றீங்க?" என்று கேட்டேவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

அண்ணன் பதில் பேசவில்லை. பையனைத் திண்ணையில் உட்கார வைத்து, குனிந்து, அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "எங்கடா?" பையன் ஒரு விரலால் தொட்டுக் காட்டினான். அன்றைக்கே தன் காரில் கிளினிக்குக் கூட்டிப்போனார், காசும் அவரே கட்டினார். கீறல்தான். ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார்கள்.

பையனின் அம்மாவிடம் அதை விளக்கியதும் அண்ணன்தான். "ஓட்டம் எங்கயும் ஓடிப்போகாதும்மா. டாக்டர் சொன்னா கேக்கணும். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல." அவ்வளவு கண்டிப்பு, அவ்வளவு தெளிவு.

மறுநாள் விடியுமுன் தாமான் வாட்சாப் குழுவில் அவருடைய ஓட்டம் வந்து விழுந்தது: 3.1 கிலோமீட்டர்.