மட்டாஞ்சேரியில் நடையரும் ஆடும்

நடையர் என்னும் சொல், மருத்துவர் சொன்னதற்காக நடக்கத் தொடங்கி, நடந்ததைப் பிறருக்குக் காட்டுவதற்காக நடையைத் தொடர்பவரை இக்கட்டுரையில் குறிக்கிறது. காலை நடையின்போது கைப்பேசியில் எடுத்த படங்களை, சக நடையர் கூடியிருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றே அவர் இடும் வழக்கத்தைப் ‘படையல்’ என்று வழங்கலாம். படையலில் வைத்ததைத் தெய்வம் உண்பதில்லை, சற்று நேரம் கழித்துப் படைத்தவரே இலை போட்டு உண்கிறார். அவ்வாறே, குழுவில் இட்ட படத்தை மற்றவர்கள் திறக்கிறார்களோ இல்லையோ, இட்டவர் அதை நண்பகலுக்குள் ஏழெட்டு முறை திறந்து பார்த்துவிடுகிறார் என்பதால் இச்சொல் பொருந்தும். கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில் இவ்வழக்கம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஆராய்வதே இங்கு நோக்கம். ஆராயப்படும் மாதிரிகளுள் இக்கட்டுரையாளரும் ஒருவர் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது ஆய்வு நேர்மைக்கு உகந்தது.

நடைக்குச் சான்று வேண்டும் என்னும் எண்ணம் கைப்பேசியோடு பிறந்ததன்று. தோக்கியோவில் 1964-இல் ஒலிம்பிக் நடந்து முடிந்த மறு ஆண்டு, ஜப்பானில் ‘மன்போ-கெய்’ என்ற பெயரில், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடியளவி ஒன்று விற்பனைக்கு வந்தது. ‘பத்தாயிரம் அடி அளக்கும் கருவி’ என்பது அப்பெயரின் பொருள். இன்று உலகெங்கும் உடல்நல விதிபோல ஓதப்படும் பத்தாயிரம் என்ற எண், மருத்துவ நூலிலிருந்து வராமல் ஒரு விற்பனைப் பெயரிலிருந்து வந்தது என்பதை நடையரிடம் எடுத்துச் சொன்னால், அவர் அதை மறுக்காமல் கேட்டுக்கொண்டே, 9,640-ஐ 10,000 ஆக்குவதற்காகக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே நடந்துகொண்டிருப்பார். ஆயினும் எண் மட்டும் சான்றாகாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியை ஆட்டினாலும் எண் ஏறும் என்பது குழுவில் அனைவருக்கும் தெரியும், அனைவரும் அதை ஒருமுறையாவது செய்து பார்த்தவர்களே. அதனால்தான் படம் தேவைப்பட்டது.

படம் வந்ததும் ஏற்றத்தாழ்வும் வந்தது. குழு ஒன்றில் சமவெளி நடையரும் மலையேறுவோரும் கலந்திருப்பதே இதற்குக் காரணம். ஒருவர் கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் மூங்கில் கம்போடு நின்று படம் இடுகிறார். இன்னொருவர், சென்னை ட்ரெக்கிங் கிளப் 2008-இல் தொடங்கிய காலத்திலிருந்தே தாம் காடு மேடு அலைவதாக நினைவூட்டி, அருவிக்கு அடியில் நிற்கும் படம் இடுகிறார். மற்றொருவர் மூணாற்றுக்கு அப்பால் 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலையில், காலுக்குக் கீழே மேகம் கிடக்கும் படத்தை இட்டுவிட்டு, அதன் கீழ் ஒன்றும் எழுதாமல் விடுகிறார். எழுதாமல் விடுவதுதான் தாங்க முடியாதது. மட்டாஞ்சேரியோ கடல் மட்டத்துக்குச் சற்று மேலே, உப்பங்கழி ஓரமாகப் படுத்துக் கிடக்கும் ஊர். அங்கே நடையர் ஏறக்கூடிய குறிப்பிடத்தக்க உயரம் அரண்மனையின் படிக்கட்டு ஒன்றே, அதற்கும் நுழைவுச் சீட்டு வேண்டும். உயரத்தால் வெல்ல முடியாதவர் தொன்மையால் வெல்ல முயல்வது இயல்பாதலின், மட்டாஞ்சேரி நடையர் தம் படத்தின் கீழ் நூற்றாண்டுகளைக் குறிக்கத் தொடங்குகிறார்.

நூற்றாண்டுகளுக்கு அங்கே பஞ்சமில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்த அரண்மனை, 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர் பழுதுபார்த்த ஒரே காரணத்தால், இன்றளவும் டச்சு அரண்மனை என்றே அழைக்கப்படுகிறது. எடுத்தவர் பெயர் மறைந்து, அனுப்பி வைத்தவர் பெயரில் படம் பரவும் வழக்கத்துக்கு மட்டாஞ்சேரியில் இவ்வளவு பழைய முன்மாதிரி இருக்கிறது. அரண்மனைக்கு அருகே 1568-இல் எழுந்த பரதேசி சினகாக், அதாவது யூதர்களின் தொழுகைக் கூடம் நிற்கிறது. அதன் மணிக்கூண்டு 1760-ஐச் சேர்ந்தது. ஒரு முகத்தில் எபிரேய எழுத்தும், வேறு முகங்களில் ரோமன் எண்ணும் மலையாள எண்ணும் கொண்ட அக்கடிகாரத்தை, மூன்று வகையிலும் மணி பார்க்கத் தெரியாத நடையர்கள் தத்தம் கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டே படம் எடுக்கின்றனர்.

இடர்ப்பாடு எங்கே என்றால், மட்டாஞ்சேரியின் மிகச் சிறந்தவை எவையும் படத்துக்குள் வருவதில்லை. அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் தீட்டப்பட்ட இராமாயணக் காட்சிகள் உள்ளிட்ட ஓவியங்களைப் படம் எடுக்க நெடுங்காலமாகத் தடை இருந்துவந்துள்ளது. சினகாக்கின் தரையில் 1762-இல் பதிக்கப்பட்ட, கையால் நீலம் தீட்டிய சீனப் பீங்கான் ஓடுகளைப் பார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். புதுக் காலணியையும் அழகிய தரையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவது நடையர் கலையின் தலையாய உத்தியாதலால், இந்த ஒரு விதி அக்கலையின் வேரையே அறுத்துவிடுகிறது. எஞ்சுவது மணம். பஜார் சாலையின் பண்டகசாலைகளில் மிளகும், முற்றங்களில் பரப்பிய சுக்கும் சேர்ந்து எழுப்பும் காரமான நெடியை எந்த ஒளிப்படமும் தாங்கிச் சென்றதில்லை. பழந்தமிழில் ‘கறி’ என்றாலே மிளகுதான், அதற்காகத்தான் யவனக் கப்பல்கள் பெரியாற்று முகத்துவார முசிறிக்கு வந்தன. அவ்வளவு பெரிய பொருளைப் படத்தில் காட்டினால் சாக்குமூட்டையாகத்தான் தெரிகிறது. சாக்குமூட்டைக்குக் குழுவில் மதிப்பில்லை.

ஆகவே நடையரின் கண் ஆட்டின்மேல் விழுகிறது. மட்டாஞ்சேரித் தெருக்களில் ஆடுகள் உரிமையாளர் துணையின்றி, ஆனால் உரிமையோடு திரிகின்றன என்பது அங்கு ஒரு நாள் நடந்தவர்க்கும் தெரியும். காலை ஏழு மணிக்கு, எதிர்க்கரையிலிருந்து வரும் வெயில் பண்டகசாலைகளின் இடைவெளி வழியே பஜார் சாலையில் பட்டை பட்டையாக விழும்போது, காரை உதிர்ந்த மஞ்சள் சுவருக்கும் நீலக் கதவுக்கும் நடுவே, கல்படியின்மேல் பழுப்பு நிற ஆடு ஒன்று கால் மடக்கிப் படுத்து, கிழிந்த சுவரொட்டியின் ஓரத்தைப் பொறுமையாக மென்றுகொண்டிருக்கும். நடையர் நிற்கிறார். ஆட்டின் கண்மட்டத்தில் எடுத்தால்தான் படம் எடுபடும் என்று யாரோ சொன்னதால் குந்துகிறார். வலது முழங்கால் ஒலிக்கிறது. ஆடு மெல்லுவதை நிறுத்திவிட்டு அவ்வொலி வந்த திசையை நோக்குகிறது. அந்தக் கணமே படத்துக்கு உரிய கணம், ஆனால் கைப்பேசி அப்போது நினைவகம் நிரம்பிவிட்டதாக அறிவித்துச் சிலவற்றை நீக்கச் சொல்கிறது. எதை நீக்குவது என்று அவர் சாலை நடுவே குந்தியபடியே தேர்ந்துகொண்டிருக்கையில், பின்னால் மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று நிற்க, அதைத் தள்ளிவந்த சுமட்டுத் தொழிலாளி, அதாவது மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி, “சேட்டா, ஒந்நு மாறிக்கே” என்கிறார். சற்றுத் தள்ளிக்கொள்ளுங்கள் என்பது பொருள். நடையர் எழ முயன்று, முதல் முயற்சியில் தோற்று, வண்டியின் விளிம்பையே பிடித்து எழுகிறார். அதற்குள் ஆடு போய்விடுகிறது.

நடையர் வண்டி போகும்வரை காத்திருந்து, பிறகு தேநீர்க்கடைக்காரர் உள்ளே போகும்வரை காத்திருந்து, பள்ளிப் பிள்ளைகள் கடக்கும்வரை காத்திருந்து, ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். இக்காத்திருப்பே இந்த வழக்கத்தின் உட்கூறு என்று கொள்ள இடமுண்டு. மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தக்காணி உருதும் தமிழும் ஒரே தெருவில் பேரம் பேசும் ஊரான மட்டாஞ்சேரி, படையலில் மட்டும் பேச்சுமூச்சற்ற ஊராக, கதவுகளும் சுவர்களும் ஆடுகளும் மட்டுமே குடியிருக்கும் ஊராகத் தோன்றுகிறது. படங்களை மட்டும் வைத்துப் பிற்காலத்தார் வரலாறு எழுதுவாராயின், 21-ஆம் நூற்றாண்டின் மட்டாஞ்சேரியை ஆடுகள் நிர்வகித்தன என்றே முடிவுசெய்வர்.

இதே கொச்சியிலிருந்து, மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், நடந்து கண்டதைப் படமாக்கித் தொலைவிலிருந்தவர்க்கு அனுப்பிய பெருமுயற்சி ஒன்றை இங்கு ஒப்புநோக்க வேண்டும். டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் மலபார்த் தளபதியாக 1670 முதல் 1677 வரை இருந்த ஹென்றிக் வான் ரீட் என்பவர், ஆட்களைக் காட்டுக்கும் கழனிக்கும் அனுப்பிச் செடிகொடிகளைக் கொண்டுவரச் செய்து, ஓவியர்களை அமர்த்தி வரையச் செய்து, உருவாக்கிய நூல் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, அதாவது மலபார்த் தோட்டம். அது 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக, எழுநூறுக்கும் மேற்பட்ட செப்புத்தகட்டுப் படங்களோடு அச்சேறியது. வான் ரீட் 1691-இல் சூரத்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் இறந்துபோனார். தாம் இட்ட படங்கள் அனைத்தும் போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. இன்றைய நடையரோ, இரண்டு நீலக் குறி வருவதற்கு நான்கு நிமிடம் ஆனாலே வலைத்தொடர்பைச் சபிக்கிறார்.

வேகத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. வான் ரீடின் நூலில் செடியின் பெயர் ரோமன், மலையாளம், அரபு, நாகரி ஆகிய நான்கு எழுத்துகளில் படத்தோடு பொறிக்கப்பட்டது. செடிகளின் பயனைச் சொன்ன ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் 1675-இல் தம் பெயரிட்டுக் கொடுத்த சான்றும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணி அறிஞர்கள் கொடுத்த சான்றும் முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டன. தளபதி ஒருவர் தமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைப் பெயர் சொல்லி நூலில் நிறுத்தினார். நடையரின் படத்தில் அந்தக் கதவுக்கு உரியவர் யார், அதற்கு அப்பால் எந்தச் சரக்கு கிடக்கிறது, அந்த ஆடு யாருடையது என்ற விவரம் எதுவும் இல்லை; ‘இனிய காலை’ என்று மட்டும் இருக்கிறது, அதுவும் ஒரே எழுத்தில்.

இட விவரம் தருகிறோம் என்று கைப்பேசிச் செயலிகள் முன்வந்தது உண்மையே, ஆனால் அதன் விளைவு இக்கட்டுரையாளருக்கு உவப்பாக அமையவில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞை உயர்ந்த சுவர்களில் பட்டுத் தெறித்து வருமாயின், கருவி இடத்தைச் சில பல மீட்டர் தள்ளிக் கணிக்கும். பஜார் சாலையிலோ ஒரு வரிசைப் பண்டகசாலைக்குப் பின்னால் நேரே தண்ணீர். ஆகவே ஒரு நாள் குழுவில் இடப்பட்ட நடைப்பாதை வரைபடத்தில் இக்கட்டுரையாளர் படகுத்துறைக்கு அருகே காயலுக்குள் இறங்கி, நீர்மேல் ஏறத்தாழ அறுபது அடி எடுத்துவைத்து, மீண்டும் கரையேறியிருந்தார். மீசைப்புலிமலைக்காரர் நெடுநாள் மௌனத்தைக் கலைத்து, “படகுக் கூலி மிச்சம்” என்று எழுதினார். மழைக்காலத்தில் குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கைப்பேசியின் ஒளிவில்லையில் ஆவி படிந்த நிலையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “மூணாறா?” என்று ஒருவர் கேட்டதற்கு இக்கட்டுரையாளர் பதில் எழுதாமல் விட்டது, மலையேறுவோரிடம் கற்ற பாடம்.

பெறுவோர் தரப்பைப் பற்றி நெடிது சொல்ல ஒன்றுமில்லை. இந்தியக் கைப்பேசிகள் நிரம்பி வழிவதற்குக் காலை வணக்கப் படங்களும் ஒரு காரணம் என்று கூகுள் நிறுவனத்தார் கண்டதாக 2018-இல் செய்தி வெளிவந்தது. அன்றிலிருந்து நடையர் ஒவ்வொருவரும் பிறர் இடும் படங்களே அக்காரணம் என்று உறுதியாக நம்பி வருகின்றனர்.

மட்டாஞ்சேரியிலிருந்து மேற்கே நடந்தால், ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் தோபி கானா என்னும் பொதுச் சலவைத்துறை வருகிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் அங்கே இன்றும் தொழில் செய்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். சிமெண்டுத் தொட்டிகளுக்கு அப்பால் உள்ள வெளியில், வெள்ளை வேட்டிகளும் விடுதிகளின் விரிப்புகளும் வரிசை வரிசையாகக் காய்வது, நடையரின் கண்ணுக்கு, யாருமற்ற மிக அழகிய காட்சி. அங்கே இக்கட்டுரையாளர் வெயிலுக்கு முதுகு காட்டி, இரண்டு கொடிகளுக்கு நடுவே நின்று, நாற்பத்திரண்டாவது முறையாகச் சட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, விரிப்புக்குப் பின்னாலிருந்து ஈரக் கையோடு பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். பஜார் சாலையில் மலையாளத்தில் கேட்ட அதே செய்தி, இம்முறை மொழிபெயர்ப்புத் தேவைப்படாத மொழியில் வந்தது: “சார், போட்டோ எடுங்க, வேணாம்னு சொல்லல. கஞ்சி போட்ட வேட்டிமேல உங்க நிழல் விழுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”