சோத்துக்கையும் நொட்டாங்கையும்

விஜயதசமி அன்று தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, என்னை மடியில் உட்காரவைத்து, 'அ' எழுத விரலைக் கேட்டார் தாத்தா. நான் இடது கையை நீட்டினேன். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. "சோத்துக்கைய நீட்டுடி" என்று அப்பாயி என் வலது கையை இழுத்து நெல்லில் வைத்தாள். அது 1961. எனக்கு நான்கு வயது.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் பேச்சில் வலது கை சோத்துக்கை, இடது கை நொட்டாங்கை. சென்னைக்குப் போனால் அதுவே பீச்சாங்கை. ஒரு கைக்குச் சோறு, இன்னொரு கைக்குக் கழுவுகிற வேலை. பேசக் கற்கும்போதே பிள்ளை இந்தப் பங்கீட்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. எந்தக் கை உயர்ந்தது என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லிலேயே அது இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த வேட்டித் துண்டால் என் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள் அப்பாயி. முடிச்சு இறுகிவிடக் கூடாதே என்று உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்ப்பாள். அந்த விரலின் சூடு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நான் அழுதால் அவளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போயி பந்தியில பரிமாறணும். நொட்டாங்கையால சோறு போட்டா எவன்டி எலையில உக்காருவான்?" என்பாள். பெண் பிள்ளையின் கைதான் அவளுடைய பெரிய கவலை. ஊர் என்னைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே என் கையைக் கட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் அடிஸ்கேல் அந்த வேலையைத் தொடர்ந்தது. பலப்பம் இடது கைக்கு மாறினால் விரல் முட்டியில் அடி விழும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் நான் வலது கையால் எழுதினேன். கோணல் எழுத்துத்தான். ஆனால் அடி நின்றது.

இடது கை முழுதாகப் போய்விடவில்லை. மாங்காய்க்குக் கல் எறிய அதுதான் வரும். சுவரில் ஆணி அடிக்கவும் அதுதான். மார்கழியில், விடியாத இருட்டில், தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இடது கையால் புள்ளி வைத்துக் கோலம் போடுவேன். இழை ஒரே சீராக ஓடும். பால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் மாவை வலது கைக்கு மாற்றிக்கொள்வேன்.

பின்னாளில் நானே தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆனேன். 1984-இல் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் இடது கையில் பலப்பம் பிடித்தான். அந்தக் கைக்கு எப்படியிருக்கும் என்று அந்த அறையில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவன் முட்டியில் அடித்தது நான்தான். அவனுக்கு நல்லது செய்வதாகவே நம்பினேன். அப்பாயி கட்டிய துணி என் கையில் அடிஸ்கேலாக மாறியிருந்தது. தலைக்கு மேலே காந்தி படம் மாட்டியிருந்தது. அவர் 1909-இல் கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோது, வலது கை சோர்ந்ததும் இடது கையால் பல பக்கங்கள் எழுதினார் என்பது அன்று எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும், கருவிலேயே விரல் சூப்பிய 75 பிள்ளைகளை ஸ்கேனில் பார்த்து வைத்திருந்து, பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடி தேடிப் போனார்கள். வலது விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பிள்ளைகளாகவே வளர்ந்திருந்தார்கள். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைப் பிள்ளைகள், 5 பேர் வலக்கைப் பிள்ளைகள். ஆக, தாத்தா நெல்லைப் பரப்புவதற்கு முன்பே என் கை தன் போக்கைப் பெரும்பாலும் முடிவு செய்திருந்தது.

இன்னொரு கணக்கு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. 1986-இல் அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுத் திரட்டிய தகவலில், 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் இடக்கையால் எழுதியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 1950-க்குப் பின் பிறந்தவர்களில் அவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். ஐம்பது ஆண்டுகளில் மனிதக் கை மாறிவிடாது. அந்தப் பிள்ளைகள் முன்பும் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கும் யாரோ துணி கட்டியிருந்தார்கள்.

2002-இல் வந்த ஒரு மூளை ஆய்வைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சிறுவயதில் வலக்கைக்கு மாற்றப்பட்டவர்கள் பெரியவர்களான பிறகு வலது கையால் எழுதும்போதும், இடது கையை இயக்குகிற வலப்பக்க மூளையும் சேர்ந்தே உழைக்கிறதாம். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் அந்தப் பழைய கை நகர்ந்துகொண்டிருக்கிறது. என் வகுப்புப் பையனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இப்போது என் பேத்தி சென்னையில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இடது கையால் எழுதுகிறாள். "அப்படியே விட்டுடுங்க" என்றார் அவளுடைய ஆசிரியை. இடக்கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரிக்கோல் வாங்கி வந்தான் என் மகன். "இடது கைப் பிள்ளைங்க ரொம்ப அறிவாளி" என்று வருகிறவர்களெல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். இந்தப் புகழ்ச்சியும் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று ஊர் என் கையில் ஒரு குற்றத்தை ஏற்றியது. இன்று இவள் கையில் ஒரு எதிர்பார்ப்பை ஏற்றுகிறது. அது வெறும் கையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் சோற்றை அவளும் வலது கையால்தான் பிசைகிறாள். யாரும் கட்டவில்லை, அடிக்கவில்லை. சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பக்கத்தில் இருப்பவரைப் போலச் செய்வதில் பிள்ளைக்கு அவ்வளவு ஆசை. கிரிக்கெட் வீரர் சௌரவ் கங்குலி மற்ற வேலைகளில் வலக்கைக்காரர்தான். அண்ணனின் இடக்கை ஆட்டச் சாமான்கள் வீட்டில் இருந்ததால் இடக்கையால் மட்டை பிடிக்கக் கற்றார். வீட்டில் என்ன கிடக்கிறதோ, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ, அதை நோக்கிப் பிள்ளை தானாகவே சாய்கிறது. பிறகு எதற்குத் துணியும் ஸ்கேலும்?

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில், அன்று வகுப்பில் நான் அடித்த அந்தப் பையனைப் பார்த்தேன். இப்போது நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. ஓடி வந்து காலில் விழுந்தான். "நீங்க அடிச்சதாலதான் டீச்சர் நான் ஒழுங்கா எழுதக் கத்துக்கிட்டேன்" என்றான். அதை மனசாரச் சொன்னான். அடித்த கைக்கு நன்றி சொல்லவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். நானும் அப்பாயிக்கு அப்படித்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு தன் மகனை முன்னால் தள்ளினான். "இவனும் நொட்டாங்கைதான் டீச்சர். நீங்க கொஞ்சம் சொல்லி மாத்துங்க."

பையன் இடது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். என் கையைக் கட்டித்தான் வளர்த்தார்கள், இவனோ யாரும் கட்டாமலே கையை ஒளிக்கக் கற்றிருந்தான். அந்தக் கையை மெல்ல முன்னால் இழுத்து என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன்.

"உன்னை அடிச்சது தப்புப்பா" என்றேன் அவன் அப்பாவிடம். "இவனை விட்டுடு."

என் பழைய மாணவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்து தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.