மழை லில்லி குழாய்த் தண்ணீரை மதியாமை குறித்து

வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில், வெங்காயத்தாளோ கோரைப்புல்லோ என்று காண்பவர் ஐயுறும்படி நிற்கும் செடி மழை லில்லி. வீட்டுக்காரர் நாள்தோறும் காலையில் குழாயைப் பிடித்து அதை நனைக்கிறார். மண் ஈரம் காய்வதே இல்லை. செடியும் நன்றி மறவாமல் இலைவிடுகிறது, கொழுக்கிறது, பக்கக் கிழங்கு வைத்துப் பெருகுகிறது. பூப்பது மட்டும் இல்லை. பிறகு மே மாதத்தில் என்றோ ஒருநாள் கோடை மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகிறது. நான்கைந்து நாளில் பாத்தி முழுக்க இளஞ்சிவப்புப் பூக்கள், ஒரே நேரத்தில், முன்பே பேசிவைத்துக்கொண்டதைப் போல. ஆண்டெல்லாம் ஊற்றியவருக்கு இலையும் ஒருநாள் வந்த மழைக்குப் பூவும் என்ற இந்த ஓரவஞ்சனை அறிஞர் அவையில் உரிய மதிப்போடு விவாதிக்கப்பட வேண்டிய ஒன்று. மழைநீரையும் குழாய்நீரையும் இச்செடி பிரித்தறிகிறதா, அறியுமாயின் எதைக் கொண்டு என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

இது பற்றி முன்னமே மூன்று கட்சிகள் உள. முதலாவது இடிக் கட்சி. மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கரையும் சத்தாக்கி மழையோடு இறக்குகிறது, அதைக் குடித்தே செடி பூக்கிறது என்பர். மின்னலின் வேலை மெய்யே. ஆனால் ஒரு மழையில் ஒரு பாத்திக்கு அவ்வழியில் கிடைப்பது ஒரு பிடி மக்கிய சாண எருவின் முன் நில்லாது. அந்த எருவை அள்ளிப் போட்டவர்களுக்கும் இலைதான் கிடைத்தது. அன்றியும், தின்ற சத்தைக் கொண்டு புதிதாக ஒரு மொட்டை உண்டாக்க நான்கைந்து நாள் எங்ஙனம் போதும் என்ற கேள்விக்கு இக்கட்சியாரிடம் விடை இல்லை. இரண்டாவது குளோரின் கட்சி. நகராட்சித் தண்ணீரின் மருந்து வாடையே பூவைத் தடுக்கிறது என்பர். வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் பொதுவாக யாரும் குளோரின் கலப்பதில்லை. அதை ஊற்றுவோர் வீட்டிலும் இதே புலம்பல் கேட்பதால் அவர் கூற்றும் பொருந்தாது. மூன்றாமவர் குளிர்ச்சிக் கட்சியார். மழை மண்ணின் சூட்டைத் தணிப்பதே காரணம் என்பர். இவர்களை முற்றாகத் தள்ள மனம் வரவில்லை. சூடு தணிவதும் துணைக் காரணமாக இருக்கலாம். எனினும் குளிர்ச்சி மட்டுமே போதுமாயின் மார்கழிப் பனியில் அன்றோ இச்செடி பூத்துக் குலுங்க வேண்டும்?

நமது துணிபு வருமாறு: இச்செடி நீரின் பிறப்பிடத்தை விசாரிப்பதே இல்லை, இடைவெளியைத்தான் எண்ணுகிறது. வெங்காயத்தைப் போலவே இதன் கிழங்கும் அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. வெங்காயமும் பூண்டும் இன்றைய வகைப்பாட்டில் இதன் குடும்பத்தவையே. (உறவை நம்பிச் சாம்பாரில் போட்டுவிடக் கூடாது, இக்கிழங்கு நஞ்சு.) அச்செதில்களுக்கு நடுவே மொட்டு முன்னமே உருவாகி முடங்கிக் கிடக்கிறது. மண் காயும்போது வளர்ச்சி நின்று கிழங்கு ஓய்கிறது. காய்ந்தபின் திடீரென ஆழம்வரை ஈரம் இறங்கினால், முடங்கிய தண்டின் திசுக்கள் நீரேறி நீள்கின்றன. மொட்டை ஆக்குவதற்குத்தான் காலம் வேண்டும். தூக்கி நிறுத்துவதற்குச் சில நாள் போதும். எல்லாக் கிழங்குக்கும் ஒரே நாளில் ஈரம் எட்டுவதால் எல்லாம் ஒன்றாகவே பூக்கின்றன. நாள்தோறும் நனைப்பவருக்கு இந்தக் காய்தலும் இல்லை, அதன் முடிவும் இல்லை. அவர் தண்ணீர் ஊற்றுவதில் குறை வைக்கவில்லை. ஊற்றாமல் இருப்பதில்தான் குறை வைத்துவிட்டார்.

“ஒரு வாரம் ஊற்றியதைக் கூட்டினால் ஒரு மழைக்கு ஈடாகாதா?” என்று கணக்கர் ஒருவர் தடை எழுப்பலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 40 மில்லிமீட்டர் பெய்தால் அந்த இடத்துக்கு 40 லிட்டர். அதாவது பெரிய வாளியால் இரண்டு மூன்று முறை ஒரே இடத்தில் கவிழ்ப்பதற்குச் சமம். நாளுக்கு ஆறு லிட்டராகப் பகிர்ந்து தெளித்தால் ஏழு நாளில் கூட்டுத்தொகை வந்துவிடும் என்பது சரியே. ஆனால் கூட்டுத்தொகையைச் செடி பார்ப்பதில்லை. மேல்மண் என்றும் ஈரமாகவே இருப்பதால் ஏழாம் நாளும் அதற்கு முதல் நாளே. இதற்குச் சான்று கோடை விடுமுறையில் கிடைக்கிறது. குடும்பம் சொந்த ஊருக்குப் போகிறது, தொட்டிகள் வாரக்கணக்கில் காய்ந்து கிடக்கின்றன, திரும்பி வந்தவர்கள் குற்ற உணர்வோடு அதே குழாய்த் தண்ணீரை வாளி வாளியாகக் கொட்டுகிறார்கள், செடி பூக்கிறது. பூத்ததும் அவர்கள் வாளியைப் புகழ்கிறார்களேயன்றி, ஊருக்குப் போனதை ஒருவரும் புகழ்வதில்லை.

எஞ்சுவது ஒரு வலுவான தடை. வெள்ளைப் பூவுடைய வகை ஈர மண்ணிலும் செவ்வனே பூக்கிறதே, அப்போது இடைவெளிக் கொள்கை என்னாவது? இத்தடையை மழுப்ப முடியாது. 1821இல் தாவரவியலாளர் வில்லியம் ஹெர்பர்ட் வகுத்த செஃபிராந்தஸ் என்னும் பேரினத்துள் இவ்விரண்டும் அடங்கும். பிறந்த இடம்தான் வேறு. வெள்ளை வகை தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப்புறத்து ஈர நிலங்களைச் சேர்ந்தது. சேற்றில் கால் வைத்து வளர்ந்த அதற்கு ஈரம் செய்தியே அன்று. இளஞ்சிவப்பு வகைகள் மழையும் வறட்சியும் மாறிமாறி வரும் மெக்சிகோ, கரீபியன் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவை. ஆகவே நம் கொள்கை பேரினம் முழுமைக்கும் ஆகாது, இளஞ்சிவப்புக்கே உரியது எனச் சுருக்கிக்கொள்கிறோம். குழாயைக் கண்டால் கை நில்லாத வீட்டுக்காரர் வெள்ளை வகையை வாங்கிப் பாத்தியின் ஈரமான பக்கத்தில் நட்டுக்கொள்ளலாம். இளஞ்சிவப்புத் தொட்டிகளை அவர் கண்ணில் படாத மொட்டைமாடி மூலைக்கு மாற்றும் பொறுப்பு வீட்டிலுள்ள மற்றவர்களைச் சேர்ந்தது.