கண்ணாடி பீரோவில் வந்தியத்தேவன்

பேராண்டிக்கு தாத்தா எழுதுறது. ஊர் வந்து சேர்ந்துட்டேன். கடலூர் என்.டி.யில நீ ஏத்திவிட்ட பஸ்ஸு சிதம்பரம் வரைக்கும் ஒழுங்காத்தான் வந்துச்சு. அங்கேருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு நின்னுக்கிட்டே வந்தேன். முழங்கால் உன்னை ரொம்ப விசாரிச்சுது.

புது வீடு பிரமாதம்டா. எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது ஹால்ல இருக்கிற அந்தக் கண்ணாடி பீரோதான். மேல் தட்டுல பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும், கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்குது. மேல சுத்தின பிளாஸ்டிக் கவரைக்கூட நீ பிரிக்கல. "படிச்சியாடா"ன்னேன். "படம் ரெண்டு பாகமும் பாத்துட்டேன் தாத்தா"ன்ன. பந்தியை வீடியோவுல பாத்துட்டு ஏப்பம் விட்டவன் நம்ம வம்சத்துல நீதான் மொதல் ஆளு.

அப்பறம் அந்த எதிர் வீட்டு டீச்சரம்மா வந்தாங்க. பாவம், கூச்சப்பட்டுக்கிட்டே மொதல் பாகத்தைக் கேட்டாங்க. "இரவல் குடுக்கறதில்லீங்க, செட்டு ஒடஞ்சிடும்"னு சொன்ன பாரு, எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. புஸ்தகத்தைக் காப்பாத்தத் தெரிஞ்ச புள்ளைடா நீ. இந்தக் கலையில உனக்கு இன்னும் கொஞ்சம் யோசனை சொல்லலாம்னுதான் இந்தக் கடுதாசி.

பூட்டி வைக்கிறதுக்கு நம்ம பக்கத்துல நல்ல முன்மாதிரி இருக்கு. தில்லையில தேவார ஏட்டையெல்லாம் ஒரு அறையில வச்சு, பத்திரமா, நல்ல எண்ணத்தோடதான் பூட்டி வச்சாங்க. யாரும் கேக்கல, யாரும் எடுக்கல, செட்டும் ஒடையல. ஒருத்தர் மட்டும் தவறாம வந்து படிச்சிருக்காரு. கரையான். நம்ம பக்கத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி சொல்லி, ராஜராஜன் போய்க் கதவைத் தொறக்க வச்சப்ப உள்ள புத்துதான் இருந்துச்சு, எண்ணெய் ஊத்தி எடுத்தும் மிஞ்சினது கொஞ்சம்னு புராணம் சொல்லுது. கதவைத் தொறக்க வச்ச ராஜராஜன் யாருன்னு நெனைக்கிற? உன் பீரோவுக்குள்ள மூச்சு முட்ட நிக்கிறாரே, அந்தப் பொன்னியின் செல்வனேதான். ஏட்டை வெளிய எடுத்துவிட்ட மனுஷனை நீ கண்ணாடிக்குள்ள போட்டுப் பூட்டியிருக்க. பொருத்தம்னா இதுதான் பொருத்தம்.

எங்க காலத்துல இப்படியெல்லாம் காப்பாத்தத் தெரியல. 1950 அக்டோபர் கடைசியில கல்கி பத்திரிகையில பொன்னியின் செல்வன் தொடரா ஆரம்பிச்சு, 1954 மே வரைக்கும் மூணரை வருஷம் ஓடுச்சு. ஆரம்பிக்கிறப்ப எனக்கு ஒம்பது வயசு. எங்க தெரு முழுக்க ஒரே ஒரு கல்கி. அது கர்ணம் வீட்டுக்கு வரும். மொதல்ல கர்ணம், அப்பறம் அவரு சம்சாரம், அப்பறம் போஸ்ட் மாஸ்டர், வாத்தியார். எங்க திண்ணைக்கு வர்றப்ப மணியம் வரைஞ்ச குந்தவை மூக்கு மேல காப்பிச் சொட்டு இருக்கும். வாத்தியார் மவன் சத்தமா வாசிப்பான், பதினஞ்சு இருவது பேரு கேப்போம். இன்னிக்கி ஒருத்தன் ஒரு புஸ்தகம் வாங்கி ஒருத்தனும் படிக்கிறதில்ல. அன்னிக்கி ஒரு புஸ்தகத்தைத் தெருவே படிச்சு நாசம் பண்ணுச்சு.

எங்க ஆயாவுக்கு எழுத்தே தெரியாது. ஆனா கல்கியைத் திருத்துற உரிமை தனக்கு உண்டுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்துச்சு. கதை ஆரம்பிக்கிறதே நம்ம வீராணம் கரையில, ஆடிப் பதினெட்டு அன்னிக்கி, வந்தியத்தேவன் குதிரையில வர்றதுதானே. ஆயா வெத்தலையைத் துப்பிட்டு, "அந்தக் கரையில ஆடி மாசம் மாடே வழுக்கும், குதிரை எப்படிடா போவும்? அந்தப் புள்ளையை எறங்கி நடக்கச் சொல்லு"ன்னுச்சு. ஏரிக்கு எழுபத்து நாலு கணவாய்னு கல்கி எழுதினதை நம்பி நாங்க பசங்க எண்ணக் கெளம்பினோம். பாதியில பசி எடுத்துடுச்சு. மிச்சத்துக்கு அவரு கணக்கையே ஒத்துக்கிட்டோம்.

அந்த வீராணத்துத் தண்ணியையே 2004லேருந்து பட்டணம் குழாய் வச்சு எடுத்துக்கிட்டுப் போவுது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல போற தண்ணி, எப்ப திரும்பும்னு நாங்க கேட்டோமா? ஏரியையே இரவல் குடுத்த ஊருடா இது. நீ ஒரு புஸ்தகத்துக்கு யோசிக்கிற.

கதையில ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில செத்துக் கெடந்த கட்டம் வந்தப்ப, மத்த ஊர்க்காரனெல்லாம் கொன்னது யாருன்னு தெரிய அடுத்த இதழுக்குக் காத்துக் கெடந்தான். எங்க வாத்தியார் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு உடையார்குடி கோயிலுக்குப் போனாரு. ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சியாண்டுல வெட்டின கல்வெட்டு அங்க செவுத்துல இருக்கு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு பேரு போட்டு, அவங்க சொந்தபந்தத்து நிலமெல்லாம் பறிபோன கதையைச் சொல்லுது. ஏவிவிட்டது யாருன்னு அதுல இல்ல. கடைசி வரைக்கும் கல்கியும் போட்டு ஒடைக்கல. செவுரும் அவரும் ஒரே மாதிரி அழுத்தக்காரங்க.

தொடர் முடிஞ்சப்பறம் பக்கத்தையெல்லாம் கிழிச்சுச் சேத்து, சிதம்பரத்துல பைண்டிங் போட்டோம். பைண்டர் மைதாப் பசையில மயில்துத்தத்தைக் கரைச்சாரு, பூச்சி அண்டாம இருக்க. அன்னிக்கித் தில்லையில அது இல்லாமப் போச்சு. அந்த அஞ்சு பைண்டுதான் அறுவது வருஷமா கடலூர் ஓ.டி.க்கும் சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் பஸ்ஸுல போயிட்டு வந்துச்சு. ரெண்டாம் பாகத்துல ஒருத்தி பால் கணக்கு எழுதியிருக்கா. மூணாம் பாகத்துல பூங்குழலி வர்ற எடமெல்லாம் எவனோ பென்சில்ல கோடு போட்டிருக்கான். அவனுக்கு வேற எடத்துல கல்யாணம் ஆயிடுச்சு, அதனால பேரு வேணாம்.

இப்ப தொழில் ரகசியத்துக்கு வரேன். இரவல் குடுத்தா திரும்பாதுன்னு பயப்படுறியே, அஞ்சு பாகமா எழுதினவரு உனக்காகவே எழுதியிருக்காரு. மொதல் பாகத்தைச் சிரிச்சுக்கிட்டே குடுத்துடணும். எப்ப தருவீங்கன்னு கேக்கவே கூடாது. அவங்களே மூச்சு வாங்க ஓடி வருவாங்க, ரெண்டாம் பாகத்துக்கு. ஒண்ணைக் குடுத்தாத்தான் அடுத்தது. ஆழ்வார் பாட்டுல பத்தைக் காதுல வாங்கிட்டு மிச்சம் எங்கன்னு குருகூர் வரைக்கும் தேடிப் போன நாதமுனி பொறந்த ஊரு நம்ம ஊரு. மிச்சத்தைத் தேடுற வியாதி இந்த மண்ணுக்குப் புதுசில்ல.

அஞ்சாவதுதான் சிக்கல். அதுக்கப்பறம் வாங்க ஒண்ணும் இல்ல, அதனால திரும்பாது. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? கதை பொசுக்குன்னு முடிஞ்சுபோச்சுன்னு வாசகருங்க கேள்வி மேல கேள்வி கேட்டதுக்குக் கல்கி ஒரு முடிவுரை எழுதினாரு இல்ல, யாரு என்ன ஆனாங்கன்னு? அதை மட்டும் பிரிச்சு, தனியா நூல் கட்டி, அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன். அஞ்சாம் பாகத்தைத் திருப்பிக் குடுக்கிறவங்களுக்குத்தான் அது. வந்தியத்தேவன் கதி தெரியாம எத்தினி பேரு தூங்குவான்? ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கான்.

"இவ்வளவு எதுக்கு, போன்லயே சும்மா கெடைக்குதே"ம்ப. ஆமா, கல்கி நூற்றாண்டுலதான் அரசாங்கம் அவரு எழுத்தை நாட்டுடமை ஆக்கிடுச்சே. நாட்டுக்கே ஒடமை, எதிர் வீட்டுக்கு மட்டும் இல்ல. கல்கியே கொஞ்சம் இரவல் கைதான். நீலகண்ட சாஸ்திரியாரு எழுதின சோழர் சரித்திரத்தையும், அண்ணாமலை யுனிவர்சிட்டியில இருந்த சதாசிவப் பண்டாரத்தாரு எழுதினதையும் வாங்கிப் படிச்சுத்தான் கதை கட்டினாரு. வாங்கினதை வாங்கினேன்னு எழுதியும் வச்சாரு. உங்க திருப்பாப்புலியூர்ல பொறந்தவருதான் புதுமைப்பித்தன். அவருக்குக் கல்கியைக் கண்டாலே ஆகாது, இங்கிலீசுலேருந்து தழுவி எழுதுறாருன்னு போட்டுத் தாக்கினாரு. பொன்னியின் செல்வன் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1948ல போய்ச் சேந்துட்டாரு. இருந்திருந்தா அவரும் யாருகிட்டயாவது இரவல் வாங்கித்தான் திட்டியிருப்பாரு. காசு குடுத்து வாங்குற நெலமையா அவருக்கு இருந்துச்சு?

கொள்ளிடத்துக்கு அந்தாண்ட சீர்காழியில பொறந்த ரங்கநாதன், நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதினாரு, 1931ல. புஸ்தகம் இருக்கிறது எடுத்துப் படிக்கிறதுக்குன்னு மொதல் விதியிலயே சொல்லிட்டாரு. பீரோவுக்குன்னு ஒரு விதியும் காணோம். விட்டுட்டாரு போல. நீ ஆறாவதா எழுதிக்க.

நிக்க. நான் கெளம்பின அன்னிக்கிக் காத்தால நீ குளிக்கப் போனியே, அப்ப பீரோச் சாவி டி.வி. மேலதான் இருந்துச்சு. பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சது நான்தான், வேலைக்காரப் பொண்ணைக் கேக்காத. மொதல் பாகம் எதிர் வீட்டு டீச்சரம்மாகிட்ட இருக்கு. எடம் காலியாத் தெரியக் கூடாதுன்னு உன் கரண்டு பில் பைலை அங்க நிக்க வச்சிருக்கேன். எட்டு நாளா நீ அதைக் கவனிக்கவே இல்லைன்னு உன் பொண்டாட்டி போன்ல சொல்லிச்சு. டீச்சரம்மா நேத்தே பாதிக்கு மேல தாண்டிட்டாங்களாம். ஞாயித்துக்கெழம ரெண்டாம் பாகம் கேட்டு வருவாங்க. கதவைத் தொற.