பன்றி தரும் பார்வை

கேள்வி: பன்றியின் கருவிழிப்படலத்தை மனிதக் கண்ணில் பொருத்தினால் பார்வை சேற்றின் பக்கமே போகுமா?

பதில்: போகாது, ஆசைகள் மூளையைச் சேர்ந்தவை, கருவிழிப்படலமோ ஒளியை உள்ளே விடும் சாளரம் மட்டுமே என்பதால், பன்றியிடமிருந்து வருவது படலமே தவிரக் கண்ணோட்டம் அன்று. நியூயார்க்கில் 1838இல் மருத்துவர் ரிச்சர்டு கிஸ்ஸாம் பன்றிப் படலத்தை அப்படியே பொருத்தியபோது விரைவிலேயே மங்கிப்போனது. இன்றோ, உடலின் எதிர்ப்பைத் தூண்டும் செல்களைக் களைந்து, கொலாஜன் என்னும் புரதச் சட்டகத்தை மட்டும் எஞ்சவிட்டு, பூஞ்சை முதலிய தொற்றுகளால் புண்ணான மேலடுக்குகளைச் சீவியெடுத்த இடத்தில் அதைத் தைக்கிறார்கள். கொடைக் கண்களுக்குப் பஞ்சமுள்ள சீனா 2015இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆயினும், படலத்தில் சேரும் நீரை வெளியேற்றித் தெளிவைக் காக்கும் உள்ளடுக்கையும் தொற்று அரித்துவிட்டால், செல்லற்ற பன்றிப் படலம் கைகொடுக்காது. பன்றியைக் கேட்காமலே எடுத்தவர்கள், அப்போது மனிதரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.