மஞ்சத்துணி மகாத்மியம்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக்கு விருந்தாளி வருகிறாரோ இல்லையோ, காற்று வந்துவிடும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத்தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு விலகி வழி விட்டிருக்கிறதே, அந்தப் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் எங்கள் ஊர்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மழை வாசனையோடு போகிற காற்று, கார்த்திகை முதல் மாசி வரை கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வறட்டு வறட்டென்று திரும்பி வரும். இந்தக் காற்றை நம்பித்தான் கேரளத்தின் முதல் காற்றாலைப் பண்ணையைக் கஞ்சிக்கோட்டில் 1990களில் நட்டார்கள். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி பக்கத்துக்காரர்களான நாங்கள் அதன் மின்சாரத்தைக் கம்பி வழியாகவும் தூசியை நேராகவும் பெற்றுக்கொள்கிறோம்.

அப்பாருவிடம் ஒரு கறுப்பு அம்பாசடர் இருந்தது. பனையோலை வேய்ந்த கொட்டகைதான் அதற்கு ஷெட். மூன்று பக்கம் தட்டி, ஒரு பக்கம் வானம். காலையில் டிரைவர் அண்ணன் வந்ததும் முதல் வேலை, தோளில் கிடக்கும் மஞ்சத்துணியை எடுத்து ஓர் உதறு உதறிவிட்டு பானட்டில் தொடங்குவது. வட்டம் வட்டமாக, தோள்பட்டை வலிக்கிற அளவுக்கு அழுத்தித் துடைப்பார். துணி கறுத்தால் திருப்பிப் போட்டுக்கொள்வார். அதுவும் கறுத்தால் திருப்பூரிலிருந்து கிலோக்கணக்கில் வரும் பனியன் வேஸ்ட். வெள்ளிக்கிழமையானால் ரேஷன் மண்ணெண்ணெய் நாலு சொட்டு. வண்டி பளபளவென்று மின்னும். அந்த எண்ணெய்ப் பசையில் மத்தியானத்துக்குள் இரண்டு மடங்கு தூசி ஒட்டும். ஒட்டினால் என்ன, மறுநாள் காலையில் துடைக்க வேலை வேண்டாமா?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டப்பாவிலிருந்து பாலிஷ் பசையை எடுத்துத் தேய்ப்பார். துணியெல்லாம் கறுப்பாகிவிடும். அதைத் தூக்கி அப்பாருவிடம் காட்டி, "பாருங்க, எத்தனை அழுக்கு!" என்பார். அப்பாருவும் மெச்சி ஐந்து ரூபாய் கொடுப்பார். அந்தக் காலத்து வண்டிகளில் மேலே தெரிகிற நிறம்தான் மேல்பூச்சு. அதற்கு மேல் கண்ணாடிப் படலம் எதுவும் கிடையாது. ஆகவே துணியில் வந்த கறுப்பில் பாதி அழுக்கு, மீதி அம்பாசடர். வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் சுரண்டி எடுத்ததற்குத்தான் அந்த ஐந்து ரூபாய் இனாம்.

ஆனாலும் வண்டி தாங்கியது. பெயிண்ட் தடிமன், மங்கினால் தேய்த்தாலே புதுப்படலம் வெளியே வரும், அதுவும் தீர்ந்தால் பொள்ளாச்சியில் பட்டறைக்கு விட்டு முழுசாகப் பெயிண்ட் அடித்து வாங்கிவிடலாம். 1957-ல் வந்து 2014 மே மாதம் உற்பத்தி நின்ற வண்டி அது. அத்தனை ஆண்டுகளும் நாடு முழுக்க மஞ்சத்துணிகளுக்கு அது ஈடுகொடுத்தது சாதாரணச் சாதனையல்ல.

அதே காலத்தில் வண்டன்மேட்டில் அக்காவின் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஒரு ஜீப் வைத்திருந்தார். போடிமெட்டு ஏறிப் போனால் அங்கே தூசியின் குணமே வேறு. ராத்திரி மஞ்சு இறங்கி வண்டிமேல் கிடக்கும் செம்மண் பொடியை நனைக்கும். காலை வெயில் அதை அப்படியே காய வைத்துவிடும். மறுநாள் இன்னொரு படலம். மச்சான் துணியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. மேட்டு ஊற்றிலிருந்து சரிவில் தானாகவே இறங்கி வரும் தண்ணீர்க் குழாயின் ஓஸை ஜீப் பக்கம் திருப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது மண் ஊறி, வழிந்து, ஓடையில் சேர்ந்திருக்கும். "யாரு மாப்ள இதத் தொட்டுத் தொடச்சிக்கிட்டு இருக்கிறது?" என்பார். எங்கள் வீட்டில் அவருக்கு வண்டி வைத்திருக்கத் தெரியாதவர் என்று பெயர்.

சோம்பேறித்தனத்தில் அவர் செய்ததுதான் சாஸ்திரம் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. இப்போது ஷெட்டில் நிற்பது மகன் வாங்கிக்கொடுத்த வண்டி, அதுவும் கறுப்பு. எடுத்த புதிதில் பாலக்காட்டில் ஒரு வாட்டர் சர்வீஸ் பையன் என் கையிலிருந்த மஞ்சத்துணியைப் பார்த்துப் பதறிவிட்டான்: "உணங்கிய துணி கொண்டு துடைக்கல்லே சாரே!" காய்ந்த துணியால் துடைக்காதீர்கள் என்றவன் காரணமும் சொன்னான். நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு நிறமற்ற படலம். பெரும்பாலும் 40, 50 மைக்ரான். தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான். பளபளப்பெல்லாம் அந்த மெல்லிய படலத்தில்தான்.

எங்கள் ஊர்த் தூசியோ லேசுப்பட்டதல்ல. கரிசல் வயல் மண்ணோடு கல்குவாரிப் பொடியும், எம்-சாண்ட் டிப்பர்கள் சிந்திவிட்டுப் போகும் துகளும் அதில் கலந்திருக்கின்றன. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7, கண்ணாடியையே கீறும். அது வண்டிமேல் சும்மா படிந்து கிடக்கிறவரை ஒரு குற்றமும் செய்வதில்லை. நாம் அன்போடு ஒரு துணியை வைத்து அழுத்தி இழுத்தால்தான் கீறுகிறது. வட்டமாகத் துடைத்தால் கீறலும் வட்டமாக விழுந்து, சாயங்கால வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும். டிரைவர் அண்ணனின் கைவண்ணம் எந்தக் கோலத்தில் இருந்திருக்கும் என்று இப்போது ஊகிக்க முடிகிறது.

ஆகவே இன்றைய முறை இது. முதலில் துணி கூடாது. புளோயரால் தூரத்திலிருந்து காற்றடித்து வந்ததை வரவிட வேண்டும். அடுத்து தண்ணீர், மேலிருந்து கீழே, தேய்க்காமல் ஓடவிட்டு. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் வெயிலில் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், எனவே நிழலில். ஷாம்புக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி. அலசாமல் திரும்ப வண்டியில் வைக்கக் கூடாது. தண்ணீர்ப் பஞ்சமான மாசத்தில், அலசத் தேவையில்லாத கழுவுநீரைத் தெளித்து ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஒரே இழுப்பு. உடனே அடுத்த மடிப்பு. கீழே விழுந்த துணி வண்டிக்கு ஆகாது. துணி துவைக்கும்போது வாசனை கண்டிஷனர் ஊற்றக் கூடாது. இழை எண்ணெய் பூசினாற்போல் ஆகித் தூசியையும் தண்ணீரையும் வாங்காது. உறை போட்டு மூடலாமே என்றால், தூசிமேல் போட்ட உறை எங்கள் காற்றில் ஆடி ஆடி உப்புத்தாள் வேலையைத் தானே செய்துவிடும். ஷெட்டை விளக்குமாற்றால் பெருக்கினால் தரையில் கிடந்தது பானட்டுக்கு ஏறும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் துணியை அழுத்தித் துடைப்பது தரையை மட்டும்தான்.

இத்தனையும் முடிய அரை நாள் ஆகும். வண்டி போவதோ பெரும்பாலும் கொழிஞ்சாம்பாறைக்கு, காய்கறி வாங்க. அப்பாருவின் வண்டி மழையில் நனைந்து, சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஓடித் தூசியைப் பாதி வழியிலேயே உதறிவிட்டு வரும். என்னுடையது ஷட்டர் போட்ட ஷெட்டில் நின்றபடியே தூசி சேர்க்கிறது.

அதனால் வெளியே எடுக்காத வாரங்களில் தூசியை அப்படியே விட்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருநாள் விரலால் பின்கண்ணாடிக்குக் கீழே 'கழுவு' என்று எழுதிவிட்டான். எல்லா விதிப்படியும் கழுவியாயிற்று. நாலு மணி வெயில் சாய்வாக விழுந்தால் இன்றும் 'கழுவு' என்றே வாசிக்கலாம்.

போன தை மாதம் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ஷெட்டை எட்டிப் பார்த்தவர் வாய்க்குள் 'ச்சு' கொட்டி, தோள்துண்டை உருவிக்கொண்டு பானட்டை நோக்கி நடந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொடாதீங்க பெரியப்பா, கீறல் விழுந்துரும்." அவர் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க அப்பாரு வெச்சிருந்தாரு பாரு வண்டி. தெனமும் தொடச்சு, கண்ணாட்டமா வெச்சிருந்தாரு. உனக்கெல்லாம் எதுக்கு சாமி காரு?"