மூணு கொட்டேஷனும் ஒரு லேடீஸ் சைக்கிளும்

எங்கள் வீட்டு மதிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. காதைப் பொத்திக்கொண்டாலொழிய கேட்காமலிருக்க வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். வயது 61. பொங்கல் கழித்து, புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரத்துக்கு சைக்கிளில் போகப்போவதாக அறிவித்து ஐந்து மாதமாகிறது. சுமார் 200 கிலோமீட்டர், நாலு நாள். சைக்கிள் இன்னும் வரவில்லை. வாங்குவதற்கான கோப்பு மட்டும் தடித்துக்கொண்டே போகிறது.

அவர் மனைவி, அந்தம்மா, 1992-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெடலில் கால் வைத்த ஆயிரமாயிரம் பெண்களில் ஒருவர். கார்த்திகை மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி வேளையில் நடந்தது இது.

அவர்: இந்தா, ஒப்புநோக்குப் பட்டியல் ரெடி. மூணு கொட்டேஷன், பதினேழு கட்டம். உன் கையெழுத்துதான் பாக்கி.

அந்தம்மா: என் கையெழுத்து எதுக்கு?

அவர்: நிதி ஒப்புதல். பென்ஷன் பாஸ்புக் உன்கிட்டதானே இருக்கு.

அந்தம்மா: முதல் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?

அவர்: எடை. கார்பன் ஃபிரேம். மொத்த வண்டியும் ஒன்பது கிலோ. ஒரு கையால தூக்கிடலாம்.

அந்தம்மா: சரி. உங்க பை, போர்வை, பிளாஸ்க், மாத்திரை டப்பா, சுக்குப் பொடி, இதையெல்லாம் எங்க கட்டுறது?

அவர்: கேரியர்ல.

அந்தம்மா: கேரியர் இருக்கா?

அவர்: அது… இந்த மாடல்ல கேரியர் மாட்ட ஓட்டையே கிடையாது.

அந்தம்மா: ஸ்டாண்டு?

அவர்: கிடையாது.

அந்தம்மா: மட்கார்டு?

அவர்: கிடையாது. காத்தைத் தடுக்குமாம்.

அந்தம்மா: பெல்லு?

அவர்: தனி.

அந்தம்மா: பெடலாவது உண்டா?

அவர் (குரல் இறங்கி): அதுவும் தனி. அவங்கவங்க போடுற ஷூவுக்குத் தக்க வாங்கிக்கணுமாம்.

அந்தம்மா: எழுபதாயிரம் வாங்கிக்கிட்டு அப்ப என்னதான் தர்றான்?

அவர்: என்னென்ன இல்லைன்னு பாத்துத்தான் விலை. உனக்குப் புரியாது.

அந்தம்மா: புரியுது. மாப்பிள்ளை வந்துட்டாரு, வேட்டி பின்னால பஸ்ல வருதுங்குற மாதிரி. அந்தத் தாளைத் திருப்புங்க, ரெண்டாவது என்ன?

அவர்: மலை சைக்கிள். முன்னால மூணு, பின்னால எட்டு, ஆக 24 கியர். முன்னாலயும் பின்னாலயும் ஸ்பிரிங்.

அந்தம்மா: நீங்க போற வழியில மலை எங்க இருக்கு?

அவர்: பாம்பன் பாலம் ஏத்தம்!

அந்தம்மா: அதைத் தவிர?

அவர்: (பட்டியலைப் புரட்டுகிறார்.)

அந்தம்மா: அறந்தாங்கியிலேர்ந்து கடல் வரைக்கும் தோசைக்கல்லு மாதிரி கெடக்கு. அதுக்கு ஸ்பிரிங் எதுக்கு? நீங்க ஒவ்வொரு மிதி மிதிக்கிறப்பவும் பாதிய அந்த ஸ்பிரிங் வாங்கி முழுங்கிடும்.

அவர்: ஸ்பிரிங்கை விடு. கியரை மட்டும் குறை சொல்லாத. கணக்கு போட்டு வச்சிருக்கேன். உன் பழைய சைக்கிள்ல முன்னால 44 பல்லு, பின்னால 18. ஒரு சுத்து மிதிச்சா வண்டி ஏறக்குறைய அஞ்சரை மீட்டர் போகும். ஏத்தமோ, எதிர்க்காத்தோ, அதே அஞ்சரை மீட்டர்தான். முழு பாரமும் முட்டியில. இதுல முன்னால சின்னப் பல்சக்கரம் 22, பின்னால பெருசு 34. ஒரு சுத்துக்கு ஒன்றரை மீட்டர்கூட நகராது. ஆனா கால் பூ மாதிரி சுத்தும்.

(இதை அவர் பென்சிலால் திண்ணையிலேயே எழுதிக் காட்டினார். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து மாதத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான வேலை இந்தக் கணக்குதான்.)

அந்தம்மா: இது நல்லாருக்கே. அப்ப 24-ல எத்தனை உங்களுக்கு வேணும்?

அவர்: பாதிக்கு மேல ஒண்ணோட ஒண்ணு ஒத்துத்தான் இருக்கும். குறுக்கால போட்டா செயின் உரசும். ஒரு ஏழெட்டு போதும்னு வையேன்.

அந்தம்மா: பாம்பன்ல அதுவும் பத்தலன்னா?

அவர்: பத்தலன்னா…

அந்தம்மா: இறங்கித் தள்ளணும். அதுதான் கடைசி கியர். அது எல்லா சைக்கிள்லயும் இருக்கு, ஓசியிலேயே தர்றான்.

அவர்: சரி, மூணாவது. இதுல நீ குத்தமே கண்டுபிடிக்க முடியாது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில். டயர் 25 மில்லிமீட்டர்தான். காத்து அடிச்சா கல்லு மாதிரி நிக்கும்.

அந்தம்மா: கருவ முள்ளு பாத்திருக்கீங்களா?

அவர்: என்ன கேள்வி இது?

அந்தம்மா: தொண்டி தாண்டினா ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். விறகு வெட்டி வண்டியில ஏத்துறவன் ரோடெல்லாம் உதிர்த்துட்டுப் போயிருப்பான். விரல் தண்டி டயர் அதுக்குக் கதம்பப் பூ. சரி, பஞ்சர் ஆகுது. எங்க ஒட்டுவீங்க?

அவர்: தேவிபட்டினத்துல பஞ்சர் கடை இருக்கு. வரைபடத்துல குறிச்சிருக்கேன்.

அந்தம்மா: ஒட்டிடுவான். காத்து?

அவர்: கம்ப்ரஸர் வச்சிருப்பான்.

அந்தம்மா: இந்த வண்டி டியூப் வாயைப் பாத்தீங்களா? பேனா நிப்பு மாதிரி மெல்லிசா, முனையில ஒரு குட்டித் திருகாணி. மோட்டார் பைக் காத்து பிடிக்கிற குழாய் அதுல உக்காராது.

அவர் (திகைத்து): உனக்கெப்படித் தெரியும்?

அந்தம்மா: போன மாசம் நீங்க கொட்டேஷன் வாங்கப் போன கடையில, உங்களுக்கு அவன் ஜெர்மன் பெயின்ட் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தான். நான் குனிஞ்சு டியூபைப் பாத்தேன். அந்த வாய்க்கு ஒரு பித்தளை மூடி விக்கிறானாம், சுண்டைக்காய் அளவு. மாட்டினா பைக் காத்து ஏறும். அது பதினேழு கட்டத்துல எந்தக் கட்டத்துல இருக்கு?

அவர்: …இதர செலவினம்.

அந்தம்மா: பேசாம பைக் வாய் வச்ச டியூபா, 35, 40-ன்னு போட்ட அகலமான டயரா பாருங்க. கொஞ்சம் காத்து கம்மியா வச்சாலும் ஓடும், குண்டுங்குழி இடுப்புக்கு ஏறாது, உப்பு மணல்லயும் புதையாது.

அவர்: அதுக்கு உன் பழைய சைக்கிளையே எடுத்துக்கிட்டுப் போகலாமே? பேசுறதைப் பாத்தா அப்படித்தான் இருக்கு.

அந்தம்மா: ஏன், அதுக்கென்ன? பெத்த புள்ளைக்கு மேல உழைச்சிருக்கு.

அவர்: அதுக்கென்னவா? இருபது கிலோ எடை. கம்பி பிரேக்கு. மழையில பிடிச்சா கோட்டைப்பட்டினத்துல பிடிச்சது தொண்டியிலதான் நிக்கும். 28 இஞ்சு சக்கரம், வளைஞ்சா பழைய கடைகள்ல மட்டும்தான் ரிம் கிடைக்கும், அந்தக் கடைக்காரரும் இருக்கணும். சும்மாவா மூடினான் அட்லஸ்காரன்? 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்னிக்கே சாஹிபாபாத் ஃபேக்டரியை இழுத்துப் பூட்டினான்.

அந்தம்மா: (சற்று நேரம் பேசவில்லை. அவரே பயந்துபோய்க் காபி டம்ளரை நகர்த்தி வைத்தார்.) …என்னுது அட்லஸ் இல்ல.

அவர்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அந்தம்மா: பிரேக்கு விஷயம் நிஜந்தான். ஏத்தத்தை விட இறக்கம்தான் பயம். பாம்பன்ல மூட்டையோட இறங்குறப்ப நிக்கணும். கேபிள் டிஸ்க்குன்னு ஒண்ணு வருதாமே?

அவர்: (உற்சாகம் திரும்பி) ரெண்டு வகை. ஒண்ணு எண்ணெய் அழுத்தத்துல பிடிக்கும். விரல் பட்டாப் போதும், ஆனா கசிஞ்சா ஊர் ஊரா அலையணும். இன்னொண்ணு சாதா கேபிள். அறுந்தா எந்தக் கடையிலயும் மாட்டிடலாம்.

அந்தம்மா: அப்ப கேபிள். எழுதுங்க. ஃபிரேமு இரும்பு. எங்க விட்டுப்போனாலும் வெல்டிங் பட்டறை இருக்கு. கார்பனை மண்டபத்துல கொண்டுபோய்க் காட்டினா மீன் வலைக்காரன்கூட தொடமாட்டான்.

அவர்: ஹேண்டில்?

அந்தம்மா: உங்களுக்குக் கழுத்து எலும்பு தேய்மானம்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு எங்க?

அவர்: நேர் ஹேண்டில். எழுதிட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், வளைஞ்சதுல குனிஞ்சு போனா எதிர்க்காத்து தெரியாது.

அந்தம்மா: தை மாசம் வாடைக்காத்து. மீமிசல்லேர்ந்து தேவிபட்டினம் வரைக்கும் தெக்கே போறீங்க, முதுகுல தள்ளும். ராஜா மாதிரி போவீங்க. ராமநாதபுரம் தாண்டி கிழக்கே திரும்புனீங்கன்னா அதே காத்து மூஞ்சியில அறையும். கடைசி அம்பத்தஞ்சு கிலோமீட்டர். அங்கதான் நீங்க போட்டீங்களே பல்லுக் கணக்கு, அது சோறு போடும். விடியக்கால கிளம்பணும், காத்து எழும்புறதுக்கு முன்னால.

அவர்: அப்ப சீட்டு? சோபா மாதிரி ஒண்ணு இருக்கு, ஜெல் வச்சது. அதுக்குத் தனி நோட் போட்டிருக்கேன்.

அந்தம்மா: உக்காந்து பாத்தீங்களா?

அவர்: கடையில உக்காந்தேன். சொர்க்கம்.

அந்தம்மா: எத்தனை நிமிஷம்?

அவர்: இருக்கும், ஒரு நிமிஷம்.

அந்தம்மா: உக்கார்ற எலும்பு ரெண்டுதான். அது நல்லாப் பதியணும். மெத்தை அமுங்கினா நடு சதையில அழுத்தும். முப்பதாவது கிலோமீட்டர்ல மரத்துப் போகும், அப்புறம் வெளியில சொல்லிக்கவும் முடியாது. எங்க வீட்டு மாடு கட்டுற கல்லு மாதிரி ஒரு ரெக்ஸின் சீட்டுலதான் நான் குடத்தோட போனேன்.

அவர்: அதுக்காகத்தான் பஞ்சு வச்ச அரைக்கால் சட்டை ஒண்ணு…

அந்தம்மா: அதை எங்கண்ணுல காட்டாதீங்க. வாங்கிக்குங்க, ஆனா மேல வேட்டி கட்டிக்குங்க.

அவர்: உள்ள ஜட்டி போடக்கூடாதாம், தெரியுமா? தையல் உரசுமாம்.

அந்தம்மா: மெதுவா. பக்கத்துல ஆளு இருக்காங்க.

(இல்லை என்று காட்டுவதற்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.)

அவர்: சரி, உயரம். ரெண்டு காலும் தரையில ஊனுற மாதிரி சீட்டு வைக்கச் சொல்லிட்டேன். பாதுகாப்பு.

அந்தம்மா: ரெண்டு காலும் ஊனினா நாலு நாளும் முட்டி மடங்கினபடியே மிதிக்கணும். அறந்தாங்கியிலயே வீங்கிடும். குதிகாலை பெடல்ல வச்சா கால் நீட்டி நிக்கணும், அதுதான் உயரம். நிறுத்துறப்ப சீட்டை விட்டு முன்னால இறங்கி நின்னுக்கணும்.

அவர்: முன்னால இறங்கினா பார் இருக்கே.

அந்தம்மா: அதைத்தான் அஞ்சு மாசமா சொல்ல வர்றேன். பார் இல்லாத சைக்கிள் வாங்குங்க.

அவர்: லேடீஸ் சைக்கிளா?

அந்தம்மா: பின்னால மூட்டை கட்டினப்புறம் காலைத் தூக்கிப் போட்டுப் பாருங்க. போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி வண்டியில ஏறப்போய் பாதியில நின்னீங்களே, கோயில் தூண்ல நாய் நிக்கிற மாதிரி.

அவர்: ஊர் சிரிக்கும்.

அந்தம்மா: 1992-ல என்ன சொன்னீங்க?

அவர்: அந்த வருஷத்துக் கோப்பெல்லாம் அழிச்சாச்சு.

அந்தம்மா: நான் அழிக்கல. சேலை சக்கரத்துல மாட்டும்னீங்க. ஊர் சிரிக்கும்னீங்க. அப்ப வாடகைக்குக் கிடைச்சதெல்லாம் பார் வச்ச ஆம்பளை சைக்கிள்தான். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கிட்டு அதுலதான் ஏறினேன். பார்ல பெரியவன், கேரியர்ல குடம். ஊர் ரெண்டு நாள் சிரிச்சுச்சு. மூணாம் நாள் மேலத்தெருவுலேர்ந்து நாலு பேரு எனக்கும் கத்துக்குடுன்னு வந்து நின்னாளுங்க. நான் ஆம்பளை சைக்கிள் ஓட்டினப்ப உடையாத ஊரு, நீங்க லேடீஸ் சைக்கிள் ஓட்டினா உடைஞ்சிடுமா?

அவர்: அது வேற…

அந்தம்மா: பன்னெண்டு வயசுல பார் எட்டாம கம்பிக்குள்ள காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டீங்க. இப்ப இடுப்பு வளையாம பார் எட்டல. நடுவுல ஒரு முப்பது வருஷம் அந்தக் கம்பி உங்களுக்கு அளவா இருந்திருக்கும். அப்ப நீங்க டிவிஎஸ் 50-ல போய்க்கிட்டிருந்தீங்க.

அவர்: (பட்டியலில் பதினெட்டாவது கட்டம் கிழித்து, தலைப்பு எழுதாமல் விட்டார்.) சரி. எந்த மாடல்னு சொல்லு, இன்னும் ரெண்டு கொட்டேஷன் வாங்கிடறேன்.

அந்தம்மா: கொட்டேஷன் வேணாம். முதல்ல சித்தன்னவாசல் போயிட்டு வாங்க. போக வர முப்பது சொச்சம். ஒரு நாள் எந்த வண்டியையும் எவனும் ஓட்டிடுவான். மறுநாள் காலையில எழுந்து அதே சீட்டுல திரும்ப உக்காருங்க. ‘அம்மா’ன்னு கத்தாம உக்காந்தீங்கன்னா, அதே மாதிரி வண்டி வாங்கலாம்.

அவர்: வண்டியில்லாம எதுல போறது?

அந்தம்மா: பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்தது நிக்குது பாருங்க. பார் இல்ல, கேரியர் இருக்கு, பெடலும் இருக்கு.

அவர்: அது அரசு விலையில்லா மிதிவண்டி! பயனாளி அல்லாதவர் ஓட்டலாமான்னு ஜி.ஓ. பாக்கணும்.

(பயனாளியின் தகப்பன் என்ற முறையில் ஆட்சேபணை இல்லை என்று மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னேன். அத்தனை நேரமும் ஒட்டுக்கேட்டது வெளிப்பட்டுவிட்டது. அந்தம்மா சிரிக்கவில்லை. “சீட்டை ரெண்டு விரல் ஏத்தி விடுங்க தம்பி, அவருக்குக் கால் நீளம்” என்றார்.)

அவர்: இன்னிக்கு வேணாம்மா. ரோடு ஈரம்.

அந்தம்மா: ஏறுங்க.

அவர்: வேட்டி செயின்ல மாட்டினா?

அந்தம்மா: மாட்டாது. பொம்பளைப் புள்ளைங்க பாவாடைக்குன்னு கவர் போட்டு மூடியிருக்கு. கீழ பாக்காதீங்க. சக்கரம் ஓடிப்போயிடாது. தெரு முனையைப் பாருங்க!

(ஹேண்டில் இடமும் வலமும் எஸ் போட்டது. பால்காரர் ஒதுங்கினார். நாய் எழுந்து வழிவிட்டது. முனைக் குழாயடி வரைக்கும் அவர் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அங்கிருந்து கத்தினார்.)

அவர்: ஏம்மா! திருப்புறது எப்படி?

அந்தம்மா: இறங்கித் தள்ளுங்க! கடைசி கியர்!